வழி தெரிந்தவர்

சிவப்பு இரும்புப் பாலம் மறுபடியும் எதிரே வந்தபோது இர்மினா வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இதே பாலத்தைத்தான் தாண்டிப் போயிருந்தார்கள். பாலத்து முனையில் அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்த கிழவர் இன்னும் அந்தப் பாட்டை விட்டு நகரவில்லை. அவர் காலடியில் படுத்திருந்த பழுப்பு நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. ஏற்கெனவே பார்த்த ஆட்கள்தான் என்று கண்டுகொண்டு மறுபடி முகத்தை முன்னங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டது. நாய்க்குக்கூடத் தெரிந்துவிட்டது. கைகளை வீசி முன்னால் போய்க்கொண்டிருந்த அவள் கணவர் ஸெனோனுக்குத்தான் தெரியவில்லை. அவர் பாலத்தின் நடுவில் நின்று, கம்பியில் ஒரு கையை ஊன்றி, தனக்குச் சொந்தமான வயலைக் காட்டுகிறவர்போல் ஆற்றைக் காட்டினார்.

"இதத் தாண்டுனதும் இடதுபக்கம் ஒரு சந்து. அதுல போனா நேரா பேராலய வாசல். கண்ணக் கட்டி விட்டாலும் நான் போய்ச் சேந்துருவேன்."

பேராலயத்தின் இரட்டைக் கோபுரங்கள் அவர் முதுகுக்குப் பின்னால், மஞ்சளாகிப்போன மரங்களுக்கு மேலே, நன்றாகவே தெரிந்தன. திரும்பினால் போதும். ஆனால் ஸெனோன் திரும்பிப் பார்த்து நடக்கிற ஆளில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் முன்னால் போவார், அவள் பின்னால் வருவாள். அவருடைய கோட்டு முதுகுகளையெல்லாம் வரிசையாக அவளால் சொல்ல முடியும்: இளவயதில் போட்ட சாம்பல் நிறம், மகள் பிறந்தபோது போட்ட தோல், இப்போது போட்டிருக்கிற இந்தக் கருநீலம்.

"அப்படியா," என்றாள் இர்மினா. தோள்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு இடது சந்துக்குள் அவர் பின்னால் நுழைந்தாள்.

விரோத்ஸ்வாஃப் நகரத்துக்கு வந்தது அவருடைய யோசனை. அக்டோபர் கடைசி சனி, ஞாயிறு. மலையடிவாரத்தில் இருக்கிற தங்கள் ஊரான க்வொட்ஸ்கோவில் காலை ரயிலைப் பிடித்தால் வெளிச்சம் நன்றாக வருவதற்குள் வந்து சேர்ந்துவிடலாம். இளவயதில் கட்டடத் தொழில்நுட்பப் பள்ளியில் படித்தது இந்த ஊரில்தான். ஊரைக் காசு செலவழிக்காமல் காலால் பார்ப்பது எப்படி என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு வாரமாக வகுப்பெடுத்திருந்தார். டிராமில் ஏறுகிறவன் சோம்பேறி. உணவு விடுதியில் உட்காருகிறவன் முட்டாள். தங்குவதற்கு மாணவர் விடுதியில் வாரக்கடைசியில் காலியாகிற அறை போதும், குளியலறை நடையின் கோடியில் இருந்தால் என்ன, நடந்தால் உடம்புக்கு நல்லது. சாப்பாடு வீட்டிலிருந்தே வந்தது. ஈரல் பசை தடவிய ரொட்டி, அவித்த முட்டை, உப்பில் ஊறிய வெள்ளரிக்காய், பிளாஸ்க் நிறையத் தேநீர். அத்தனையும் இர்மினாவின் தோள்பையில் இருந்தது. அவருடைய கைப்பேசி, பர்ஸ், மாத்திரை டப்பா, ரயில் டிக்கெட் எல்லாமே அதில்தான். கையில் சுமை இருந்தால் அது நடையாகாது என்பது அவர் கட்சி.

சந்து ஒரு மூடிய கிடங்கில் போய் முட்டியது. ஸெனோன் அதன் கதவைக் கோபமாகப் பார்த்தார்.

"எல்லாத்தயும் இடிச்சுக் கட்டிட்டானுங்க. அந்தக் காலத்துல இங்க வழி இருந்துச்சு."

கிடங்கு அவர்கள் இருவரையும்விட மூத்தது. நெற்றியில் கட்டிய வருஷத்தைக் கல்லில் பொறித்து வைத்திருந்தார்கள்.

விஷயம் இர்மினாவுக்கு வசந்தத்திலிருந்தே தெரியும். ஊருக்கு வெளியே அவர்களுக்கு ஒரு சின்னத் தோட்டத் துண்டு இருந்தது. ஏப்ரலில் ஸெனோன் அதில் ஒரு பாத்தி வெட்டி உருளைக்கிழங்கு நட்டார். அடுத்த வாரம் போய், நட்டதையெல்லாம் தோண்டி வெளியே வீசிவிட்டு, அதே பாத்தியில் மறுபடி நட்டார். "எவடி இங்க கண்ட எடத்துல கெழங்கக் கொட்டி வச்சது?" என்று வேலிக்கு அப்பால் வரைக்கும் கேட்கிற மாதிரி அவளைத் திட்டினார். அவள் மண்ணில் கிடந்த முளைவிட்ட கிழங்குகளைக் கூடையில் பொறுக்கினாள். பிறகு அவளுடைய ரத்த அழுத்தத்துக்காகச் சுகாதார நிலையத்துக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் பேச்சுவாக்கில் சொன்னாள். அந்தச் சின்னப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தது. பெயருக்கு முன்னால் 'பானி' என்று, அம்மா என்கிற மரியாதையைச் சேர்த்துச் சொன்னது. "அவரக் கூட்டிட்டு வாங்க பானி இர்மினா. இப்பவே வந்தா மறதியக் கொஞ்சம் மெதுவாக்கலாம். தள்ளிப் போடாதீங்க."

தள்ளித்தான் போட்டாள். இந்த வாரம், அடுத்த வாரம் என்று கோடை முழுவதும் ஓடிவிட்டது. அயர்லாந்தில் இருக்கிற மகள் பேயாத்தாவிடமும் மூச்சு விடவில்லை. முதலில் பயத்தில்தான் சொல்லாமல் இருந்தாள். பயம் எப்போது வேறொன்றாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒருநாள் காலை ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. இந்தக் கல்யாண வாழ்க்கையில் அவளுக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாத முதல் விஷயம் இது. அதை யாருக்கும் பங்கு வைக்க மனசு வரவில்லை.

கிடங்கிலிருந்து திரும்பி ஒரு நாற்சந்திக்கு வந்தார்கள். ஸெனோன் நின்றார். இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"எங்க, நீ சொல்லு பாப்போம். வலதா, இடதா?"

இது பழைய விளையாட்டு. எந்த ஊருக்குப் போனாலும் நாற்சந்தியில் நிறுத்திக் கேட்பார். அவள் தப்பாகச் சொன்னதும் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களைப் பார்த்துச் சிரிப்பார். "இவளப் படைச்சப்போ மண்டைக்குள்ள தெசைங்கிற சாமானப் போட கடவுள் மறந்துட்டான்," என்பார். உண்மையில் இர்மினாவுக்குத் திசை தெரியாமலில்லை. கேள்வி வந்ததும் நெஞ்சு படபடக்கும், வாய் எதையோ உளறிவிடும், அவ்வளவுதான். இன்றைக்குப் படபடப்பு இல்லை. கேள்விக்கு அடியில் வேறொரு குரல் அவள் காதில் விழுந்தது. அவர் சோதிக்கவில்லை. நிஜமாகவே கேட்கிறார்.

அவர்கள் போகவேண்டிய ஊர் நடுச் சதுக்கத்துக்கு வலதுபக்கம் திரும்ப வேண்டும். டிராம் கம்பிகள் போகிற போக்கைப் பார்த்தாலே தெரிந்தது.

"இடது," என்றாள்.

"பரவால்லையே! கழுதகூட கத்துக்குது!" ஸெனோனின் முகம் தெளிந்தது. அவர் இடதுபக்கம் நடந்தார்.

அப்படித்தான் அன்று மத்தியானம் வரை போயிற்று. அவர் கேட்பார், அவள் சொல்வாள், அவர் போவார். ஒரு பள்ளிக்கூடத்தின் பின்சுவர், கார் பழுது பார்க்கும் இடம், துணி காய்கிற மாடிக்குடியிருப்புகள், நீளமான ஒரு மயானச் சுவர் என்று ஊரைப் பார்க்க வந்தவர்கள் யாரும் பார்க்காததையெல்லாம் பார்த்தார்கள். அவர் தப்பாகப் போன தெருக்களிலெல்லாம் அவள் குதிகாலும் கூடவே நடந்து கொப்புளம் கண்டது. அது வலிக்க வலிக்க அவளுக்குள் ஏதோ ஒன்று இதமாகச் சூடேறிக்கொண்டு வந்தது. சர்க்கரை போட்ட தேநீரைக் குளிரில் குடிக்கிற மாதிரி.

ஒரு சின்ன நடைபாலத்தில் ஏறும்போது ஸெனோன் வேகத்தைக் குறைத்தார். அவள் பக்கத்தில் வரும்வரை காத்திருந்தார். பிறகு அவள் கையைப் பிடித்தார். இர்மினா திடுக்கிட்டுப் போனாள். கடைசியாக அவர் அவள் கையைப் பிடித்தது பேயாத்தாவின் கல்யாணத்தில், புகைப்படக்காரன் சொன்னதற்காக. ஒரு கணம் அவளும் விரல்களை மடக்கிப் பிடித்தாள். அப்புறந்தான் அந்தப் பிடியைக் கவனித்தாள். விரல்கள் சில்லென்று இருந்தன. அவள் விரல்களை நொறுக்கிவிடுகிற மாதிரி இறுக்கிக்கொண்டிருந்தன. கூட்டத்தில் அம்மாவின் கையைப் பிடிக்கிற குழந்தைதான் இப்படிப் பிடிக்கும். இது அன்பில்லை. பயம்.

"பை நழுவுது," என்று சொல்லிக் கையை உருவிக்கொண்டாள். பையின் வாரைச் சரிசெய்தாள். அப்புறம் அந்தக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

மத்தியானம் லெஷெக்கைப் பார்ப்பதாக ஏற்பாடு. ஸெனோனோடு படித்தவர். படிப்பு முடிந்ததும் இந்த ஊரிலேயே தங்கிவிட்டார். சதுக்கத்துக்குப் பின்னால் இருக்கிற மலிவு உணவகத்தில், தட்டை நாமே கொண்டுபோய் ஜன்னலில் வைக்கிற இடத்தில், சந்திப்பதாகப் பேச்சு. கடைசியில் இர்மினாவுக்கே பசி தாங்காமல், ஒரு முனையில் "வலது" என்று உண்மையைச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் வந்து சேர்ந்துவிட்டார்கள். லெஷெக்கும் அவர் மனைவி ஹன்காவும் மூலை மேசையில் சூப்பைக் குடித்து முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். லெஷெக் பழைய செல்லப்பெயரால் கூப்பிட்டார்.

"டேய் ஸெனெக்! நீ என்ன, மலையிலருந்து நடந்தே வந்தியா? எவ்ளோ நேரம்டா!"

ஸெனோன் தொப்பியைக் கழற்றி மேசையில் எறிந்தார். "என்னக் கேக்காத, இவளக் கேளு. ஒவ்வொரு கடைக் கண்ணாடிலயும் மூஞ்சியப் பாத்துட்டு நின்னா எப்படி வந்து சேர்றது? இழுத்துட்டு வர்றதுக்குள்ள எனக்கு உயிர் போயிருச்சு."

இர்மினா பையை இறக்கி நாற்காலிக்கடியில் வைத்தாள். அவள் வாசலில் நின்ற ஒரே கடை, அவர் வழி கேட்பதா வேண்டாமா என்று மனசுக்குள் அடித்துக்கொண்டு நின்ற சாவிக்கடை.

லெஷெக்தான் பீட்ரூட் சூப்பும், உருளைக்கிழங்கு வைத்த பியெரோகிக் கொழுக்கட்டையும், பீரும், இர்மினாவுக்கு ஆப்பிள் சாறும் வாங்கி வந்தார். வேறொருவர் காசில் வருகிற சாப்பாட்டை ஸெனோன் என்றைக்கும் முட்டாள்தனம் என்று சொன்னதில்லை. பீர் உள்ளே போனதும் பழைய ஸெனோன் திரும்பி வந்துவிட்டார். ஆசிரியர்களுக்கு வைத்த பட்டப்பெயர்கள், சிமென்ட் மூட்டை திருடியது, விடுதிக் காவலாளியை அறைக்குள் வைத்துப் பூட்டியது என்று ஒரு பெயர், ஒரு இடம் விடாமல் அடுக்கினார். லெஷெக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். இர்மினா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் காலமெல்லாம் கெட்டியாக அப்படியே இருக்கிறது. கரைவது இந்தப் பக்கம்தான்.

"ஸகோபானே கதையச் சொல்லிருக்கேனா உனக்கு?" என்றார் ஸெனோன்.

இர்மினா கரண்டியைக் கீழே வைத்தாள். பெயர்நாள் விருந்து, ஞானஸ்நானம், துக்க வீடு எதையும் அந்தக் கதை விட்டு வைத்ததில்லை.

"பேயாத்தா அப்போ இத்தனூண்டு. ஸகோபானேல சந்தை நாள். கூட்டம்னா கூட்டம். இவ புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு எங்கயோ பராக்குப் பாத்துட்டு என்னத் தவற விட்டுட்டா. நான் பாத்துட்டேன். பத்தடி தூரத்துல, ஆட்டுப் பாலாடைக்கட்டி விக்கிறவன் கடைக்குப் பின்னால நிக்கிறேன். போகலாம்னுதான் நெனச்சேன். அப்புறம், சரி, இவ என்னதான் பண்றான்னு பாப்போம், ஒரு பாடமா இருக்கட்டும்னு நின்னுட்டேன். சுடச்சுட ஒரு கட்டி வாங்கித் தின்னுட்டே பாக்குறேன். இங்க ஓடுறா, அங்க ஓடுறா. புள்ள கத்துது, இவ அழுவுறா. போலீஸ்காரன்கிட்ட போயி நிக்கிறா. பேரு கேட்டா பேரே வரல! அப்போ நான் பின்னாலயே போயி, தோளத் தட்டி..."

நின்றார்.

இர்மினாவுக்கு அடுத்த வரி தெரியும். தோளைத் தட்டி, 'பானி, புருஷன் வேணுமா? ஒண்ணு சும்மா இருக்கு' என்றார். அங்கேதான் எல்லோரும் வெடித்துச் சிரிப்பார்கள். அன்றைக்குப் போலீஸ்காரனும் சிரித்தான். குழந்தையின் மூக்கொழுகிய முகத்தைத் தன் கழுத்தில் புதைத்துக்கொண்டு அவளும் சிரித்து வைத்தாள்.

ஸெனோனின் கை காற்றில் தோளைத் தட்டினபடியே நின்றது. அவர் கண்கள் மேசையில் இங்குமங்கும் ஓடின. உப்புக் குப்பி, பீர்க் குவளை, காகிதக் கைத்துண்டு என்று தேடிவிட்டுக் கடைசியில் இர்மினாவின் முகத்தில் வந்து நின்றன. சொல்லு என்று கேட்கிற கண்கள். அவள் பழச்சாற்றை எடுத்து ஒரு வாய் குடித்தாள். ஆப்பிள் புளித்தது. இன்னொரு வாய் குடித்தாள்.

"அப்புறம்?" என்றார் லெஷெக், சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு.

"அப்புறம் என்ன... அப்புறம் வீட்டுக்கு வந்தோம்." ஸெனோனின் காதுகள் சிவந்துவிட்டன. "இவளே சொல்லட்டுமே. அங்க இருந்தவதானே. வாயத் தொறக்குறாளா பாரு! மாடு மாதிரி உக்காந்து அசை போடுறா."

லெஷெக் சிரிக்கவேண்டிய இடம் எது என்று தெரியாமல் பீரைப் பார்த்தார். ஹன்கா காலித் தட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்தாள். இர்மினாவும் கூடப் போனாள். பாத்திரம் வைக்கிற ஜன்னலருகே, தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவில், ஹன்கா அவள் முழங்கையைத் தொட்டாள்.

"தப்பா நெனைக்காதீங்க. டாக்டர்கிட்ட காட்டுனீங்களா? எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. நாங்க வெளையாட்டா எடுத்துக்கிட்டோம். இந்த ஊர்ல நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்கார், நான் வேணா சொல்லி வைக்கட்டுமா?"

"அவருக்கு என்ன?" இர்மினா சிரித்தாள். "ரெண்டு பீர் உள்ள போனா எப்பவும் இப்படித்தான். வீட்டுல வந்து பாருங்க, கணக்குல ஒரு க்ரோஷ் காசு விட மாட்டார்."

 ஹன்கா முழங்கையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

விடுதிக்கு லெஷெக்கே காரில் கொண்டுவந்து விட்டார். அறையில் இரண்டு இரும்புக் கட்டில்கள், நடுவில் ஒரு சின்ன மேசை. ஸெனோன் ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, நாளைக்கு ரயில் எப்போது என்று கேட்டார். சொன்னாள். அவள் முகம் கழுவிவிட்டு வந்தபோது மறுபடி கேட்டார். மறுபடியும், முதல்தடவை கேட்கிறவருக்குச் சொல்கிற அதே குரலில் சொன்னாள். அவள் காலுறையை உரித்தபோது கொப்புளம் உடைந்து ரத்தம் கசிந்திருந்தது. ஸெனோன் அதைப் பார்த்தார். எழுந்து வந்து, பையைத் துழாவி, பிளாஸ்திரியை எடுத்து, சிரமப்பட்டு மண்டியிட்டு உட்கார்ந்து, அவள் குதிகாலைத் தன் தொடையில் வைத்து ஒட்டினார். ஓரங்களைக் கட்டைவிரலால் நீவி நீவி அழுத்தினார்.

"சொல்லக் கூடாதா? வலிக்குதுன்னு சொன்னா நிக்க மாட்டனா?"

அவருடைய உச்சந்தலை அவளுக்கு நேர் கீழே இருந்தது. முடி மெலிந்து, தோல் குழந்தையுடையதுபோல் இளஞ்சிவப்பாக இருந்தது. அதன்மேல் கையை வைக்கலாம். வைத்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. வைத்துவிட்டால் திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் போகவேண்டியிருக்கும். பேயாத்தாவிடம் அழவேண்டியிருக்கும். இனி உள்ள காலமெல்லாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடக்கவேண்டியிருக்கும். ஸகோபானே சந்தையில் பெயர் மறந்துபோய் நின்ற அந்த இளம் தாய்க்கு யாரும் எதுவும் செய்யாமலே கணக்கு முடிந்துவிடும்.

"சொன்னா நின்னிருக்க மாட்ட ஸெனெக்," என்றாள். காலை எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. ஸெனோன் நன்றாகத் தூங்கியிருந்தார், சவரம் செய்துகொண்டார், சீட்டியடித்தார். ரயிலுக்கு முன்னால் தான் படித்த பள்ளிக்கூடத்தை அவளுக்குக் காட்டவேண்டும் என்றார். காலைப் பூசை முடிந்து ஜனங்கள் தேவாலயங்களிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். எல்லோர் கையிலும் பூத்தொட்டி இருந்தது. இன்னும் சில நாளில் சகல ஆத்துமாக்களின் திருநாள், கல்லறைகளுக்குப் போகிற காலம். இரண்டு டிராம் தடங்கள் சேர்கிற ஒரு முக்கில், நிறுத்தத்துக்கு எதிரிலேயே, பூக்காரர்கள் நடைபாதை முழுவதும் சாமந்திகளை அடுக்கியிருந்தார்கள். மஞ்சள், வெள்ளை, துருநிறம் என்று ஆள் உயரத்துக்குப் படிப்படியாக.

"நான் உள்ள போயிட்டு வந்துடறேன்," என்றாள் இர்மினா, பக்கத்தில் இருந்த வணிக வளாகத்தின் கழிப்பறைப் பலகையைக் காட்டி. "நீ இங்கயே நில்லு. எங்கயும் போகாத."

"நான் எங்க போகப் போறேன்? நீ தொலையாம வந்து சேரு."

அவள் உள்ளே போனபோது மனதில் எதுவும் இல்லை. கையைக் கழுவி, தலையைச் சீவிக்கொண்டாள். திரும்பும்போது வந்த வாசலுக்குப் போகாமல் கால்கள் பக்கத்து வாசலுக்குப் போயின. அது பூக்கடைகளின் பின்புறம் திறந்தது. சாமந்திப் படிகளுக்குப் பின்னால், ஈர மண் வாசனைக்கு நடுவில் நின்று பார்த்தால், நிறுத்தத்தில் நிற்கிற கருநீலக் கோட்டு நன்றாகத் தெரிந்தது. ஒரு நிமிஷம் நிற்கலாம் என்று நினைத்தாள். சும்மா, என்னதான் செய்கிறார் என்று பார்க்க.

முதலில் அவர் ஒன்றும் செய்யவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கட்டட மேற்பார்வையாளர் நிற்கிற மாதிரி, எதிர்க் கட்டடத்தின் மேல்மாடியை ஆராய்ந்துகொண்டிருந்தார். பிறகு அவள் நுழைந்த வளாக வாசலைப் பார்த்தார். கோட்டுப் பைகளைத் தடவிப் பார்த்தார். ஒன்றிலும் ஒன்றுமில்லை. இரண்டு எட்டு வாசலை நோக்கி வைத்தார், நின்றார், பழைய இடத்துக்குத் திரும்பினார். அது பழைய இடம்தானா என்று சந்தேகம் வந்ததுபோல் காலடியில் தரையைப் பார்த்தார்.

"பானிக்கு என்ன வேணும்?" பூக்காரி ஈரக் கையுறையோடு வந்து நின்றாள். அகலமான, சிவந்த முகம். "கல்லறைக்குத்தானே? புருஷனுக்கா?"

"இன்னும் இல்ல," என்றாள் இர்மினா.

பூக்காரி அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு தோளைக் குலுக்கிச் சிரித்தாள். "சரி சரி, பாத்துட்டு இருங்க. பாக்குறதுக்குக் காசு இல்ல."

"இர்மா!"

முதல்முறை கூப்பிட்டபோது தொண்டையைச் செருமுகிற மாதிரிதான் இருந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை கூப்பிட்டார், இப்போது சத்தமாக. பூத்தொட்டி தூக்கி வந்த ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. ஸெனோன் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். பூசையில் நிற்கிறவர் மாதிரி. ஒரு இளம் ஜோடியை நிறுத்தி ஏதோ கேட்டார். பையன் கைப்பேசியை நீட்டினான். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் திருப்பிக் கொடுத்தார். பெண் அவர் கையைத் தொட்டு என்னவோ சொன்னாள். அவர் தலையை வேகமாக ஆட்டினார், நெஞ்சை நிமிர்த்தினார், தெருவின் கோடியைச் சுட்டிக்காட்டினார். அவர்களுக்கு வழி சொல்கிறார். இர்மினாவுக்குச் சிரிப்பு வந்தது. ஜோடி சந்தேகத்தோடு திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று. அவர்கள் போனதும் அவர் முகம் அப்படியே இறங்கிப்போனது. இத்தனை வருஷத்தில் அவள் பார்த்திராத முகம் அது. வாய் லேசாகத் திறந்து, கீழுதடு துடித்தது.

போதும் என்று நினைத்தாள். இப்போது போகலாம். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஒரு அடி வைத்தாள்.

அப்போதுதான் டிராம் வந்து நின்றது. கூட்டத்தில் ஒரு பெண், இர்மினாவின் கோட்டு மாதிரியே அரக்கு நிறத்தில் கோட்டு போட்டவள், தோளில் ஒரு பெரிய பையோடு முன்வாசலில் ஏறினாள். ஸெனோன் அவளைப் பார்த்தார். முகத்தில் வெயில் விழுந்த மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது. தொப்பியைப் பிடித்தபடி, சின்னப் பையன்போல் ஓடி, அந்த அரக்குக் கோட்டுக்குப் பின்னால் அவரும் ஏறினார்.

கதவுகள் உடனே மூடவில்லை. தள்ளுவண்டியோடு ஒரு தாய் ஏறிக்கொண்டிருந்தாள். யாரோ அவளுக்குக் கை கொடுத்தார்கள். இர்மினா ஓடியிருந்தால் பிடித்திருக்கலாம். ஓடவேண்டியதுகூட இல்லை, கத்தியிருந்தால் போதும். 'ஸெனெக்' என்கிற மூன்றெழுத்துச் சத்தம் நாக்கின் நுனியில்தான் இருந்தது.

"ரொம்ப நேரமா அந்தாளையே பாத்துட்டு நிக்கிறீங்களே," என்றாள் பூக்காரி, கத்தரியால் தண்டுகளை வெட்டிக்கொண்டே. "உங்க ஆளா?"

"இல்ல," என்றாள் இர்மினா. "தெரிஞ்சவர் மாதிரி இருந்துச்சு."

மணியடித்து டிராம் நகர்ந்தது. ஜன்னல்கள் ஒன்றொன்றாக அவளைக் கடந்தன. ஸெனோன் அந்தப் பெண்ணின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார். அவள் பக்கம் சாய்ந்து, விரலால் வெளியே எதையோ காட்டி, உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் முதலில் முகம் சுளித்தாள். பிறகு பையை மடியில் இறுக்கிக்கொண்டு மரியாதைக்குத் தலையாட்டத் தொடங்கினாள். டிராம் வளைவில் திரும்பிக் கட்டடத்துக்குப் பின்னால் மறைந்தது. அது எந்தப் பக்கம் போகிற டிராம், எங்கே போய் நிற்கும் என்று இர்மினா பார்க்கவில்லை. முன்னால் எழுதியிருந்த எண்ணைக்கூடப் பார்க்கவில்லை.

நிறுத்தத்துக்கு நடந்து போய் பெஞ்சில் உட்கார்ந்தாள்.   பையிலிருந்து அவித்த முட்டையை எடுத்து, பெஞ்சு விளிம்பில் தட்டி, ஓட்டை உரித்தாள். பாதி உரித்திருக்கும்போது பைக்குள் ஸெனோனின் கைப்பேசி அடித்தது. ஞாயிறு மத்தியானம் பேயாத்தா அப்பாவைத்தான் கூப்பிடுவாள்.

"அம்மாவா? அப்பா எங்க? ஊரெல்லாம் சுத்திப் பாத்தீங்களா?"

"பாத்தோம்."

"உன்ன நடக்கவச்சே கொன்னுருப்பாரே! எங்க, அப்பாகிட்ட குடு."

"அவர் டிராம்ல ஏறிட்டார்," என்றாள் இர்மினா.

"யாரு, அப்பாவா? டிராம்லயா?" அயர்லாந்தில் மகள் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. பின்னால் பேரக்குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. "அதிசயந்தான்! ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்பும்மா, நான் பாத்தே ஆகணும்."

"சரி," என்றாள்.

கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள். அடுத்த டிராம் வந்து நின்றது. இறங்குகிறவர்கள் யாருமில்லை. நிறுத்தத்திலும் அவளைத் தவிர யாருமில்லை. கதவு மடங்கித் திறந்தது. உள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று, கம்பளிக் கோட்டுகளும் இரும்பும் கலந்த வாசனையோடு, அவள் முழங்கால்களின் மேல் வந்து படிந்தது. ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். ஏறுகிற ஆளா இல்லையா என்று தெரியாமல் கதவை மூடாமல் வைத்திருந்தார். இர்மினா ஒரு கையில் பாதி உரித்த முட்டையும் இன்னொரு கையில் ஓடுகளுமாக உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தே இருந்தது.